டி.என்.ஏ. படியெடுப்பு தொடங்கும் இடமும் ஃபிரஜைல் எக்ஸ் நோய்க்குறியும்

ஃபிரஜைல் எக்ஸ் நோய்க்குறி என்பது குடும்ப வழியாக வரும் அறிவுத்திறன் வளர்ச்சிக் குறைபாடுகளுள் மிகப் பரவலானது. எக்ஸ் குரோமோசோமில் உள்ள எஃப்.எம்.ஆர்.1 என்னும் ஒரே மரபணுவில் ஏற்படும் மாற்றமே இதற்குக் காரணம். ஆண்களில் ஏறத்தாழ 4,000 முதல் 7,000 பேருக்கு ஒருவர் என்ற அளவில் இது காணப்படுகிறது. பெண்களில் இதைவிடக் குறைவு.

உங்கள் குழந்தைக்கு இந்நோய் இருப்பதாக மருத்துவர் தெரிவித்திருந்தால், "எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லையே, இது எங்கிருந்து வந்தது?" என்ற கேள்வி எழுவது இயல்பு. அடுத்து, கருவுற்ற காலத்தில் தாய் உண்டது, உண்ணாமல் விட்டது, கிரகணத்தன்று வெளியே சென்றது என்று பேச்சு வளரும். இவற்றுள் எதற்கும் இந்நோயுடன் தொடர்பு இல்லை. உண்மையான காரணம் உயிரணுவுக்குள், டி.என்.ஏ. தன்னைத் தானே படியெடுக்கும் முறையில் இருக்கிறது. அதைச் சற்றுப் பொறுமையாகப் புரிந்துகொண்டால், யாரைப் பரிசோதிக்க வேண்டும், பரிசோதனை முடிவில் உள்ள எண் எதைக் குறிக்கிறது என்பனவும் தெளிவாகும்.

படியெடுப்பு எங்கிருந்து தொடங்குகிறது?

ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும் முன் தன்னிடமுள்ள டி.என்.ஏ. முழுவதையும் படியெடுத்தாக வேண்டும். டி.என்.ஏ. என்பது ஒன்றையொன்று முறுக்கிப் பிணைந்த இரண்டு இழைகள். அவற்றில் அடினைன், தைமின், குவானைன், சைட்டோசின் என்னும் நான்கு வேதிப்பொருள்கள் எழுத்துகளைப் போல வரிசையாக அமைந்துள்ளன. அடினைனுக்கு எதிரே தைமினும், குவானைனுக்கு எதிரே சைட்டோசினும் மட்டுமே பொருந்தும். எனவே இழைகளைப் பிரித்துவிட்டால், ஒவ்வோர் இழையும் புதிய இழைக்கு அச்சாகப் பயன்படும்.

மனிதனின் மிக நீண்ட குரோமோசோமில் ஏறத்தாழ 25 கோடி எழுத்து இணைகள் உள்ளன. படியெடுக்கும் புரதங்கள் நிமிடத்துக்கு ஓரிரு ஆயிரம் எழுத்துகளையே கடக்கும். ஒரே இடத்திலிருந்து தொடங்கினால் இந்த ஒரு குரோமோசோமை முடிக்கவே ஒரு மாதத்துக்கு மேலாகும். ஆனால் உயிரணு இவ்வேலையை ஏறத்தாழ 8 மணி நேரத்தில் முடித்துவிடுகிறது. பல்லாயிரம் இடங்களில் இழைகள் பிரிக்கப்பட்டு, ஒவ்வோர் இடத்திலிருந்தும் இரு திசைகளிலும் வேலை நடப்பதே இதற்குக் காரணம். இவ்விடங்களைப் படியெடுப்பின் தொடக்க இடங்கள் என்கிறோம்.

தொடக்க இடத்தை அடையாளம் கண்டு அமரும் புரதத் தொகுதி 1992இல் ஈஸ்ட் எனப்படும் நொதிப் பூஞ்சையில் கண்டறியப்பட்டது. அந்தப் பூஞ்சையில் தொடக்க இடத்துக்கென்று குறிப்பிட்ட எழுத்து வரிசை உண்டு. மனிதனில் அப்படி ஒரு நிலையான வரிசை இல்லை. அப்படியானால் புரதங்கள் இடத்தை எப்படி அறிகின்றன? எழுத்துகளைக் காட்டிலும் டி.என்.ஏ.வின் வடிவம் இதில் பங்கு வகிக்கிறது என்பதை ஆய்வுகள் காட்டுகின்றன.

இயல்புக்கு மாறான வடிவங்கள்

முறுக்கிய ஏணி போன்ற வடிவமே டி.என்.ஏ.வின் வழக்கமான தோற்றம். ஆயினும் சில எழுத்து வரிசைகள், இழைகள் பிரியும் வேளையில் வேறு வடிவங்களாக மடிந்துகொள்ளும். குவானைன் மிகுந்த ஓர் இழையில் நான்கு குவானைன்கள் சதுரமாகக் கைகோத்து, அத்தகைய சதுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுவதுண்டு. இதனை நான்கிழை அடுக்கு எனலாம். 2013இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மனித உயிரணுக்களுக்குள் இவ்வடிவம் இருப்பதை ஒளிரச் செய்து காட்டினர். மனித டி.என்.ஏ.வின் தொடக்க இடங்களுள் பெரும்பாலானவற்றின் அருகே இவ்வாறு மடியக்கூடிய குவானைன் மிகுந்த வரிசைகள் காணப்படுகின்றன.

இன்னொன்று கொண்டை ஊசி வடிவம். மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவைப் போல ஒற்றை இழை திரும்பி வந்து தன்னுடனேயே ஒட்டிக்கொள்ளும். மூன்றாவதாக, மரபணு செயல்படும்போது உருவாகும் ஆர்.என்.ஏ., தான் பிறந்த டி.என்.ஏ. இழையுடனேயே ஒட்டிக்கொண்டு, மற்ற இழையை வெளியே தள்ளி வளையமாக நிறுத்துவதும் உண்டு.

"இயல்புக்கு மாறான" என்ற சொல்லைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. இவ்வடிவங்கள் உங்கள் உடலிலும், இதனைப் படிக்கும் ஒவ்வொருவர் உடலிலும் இப்போதும் தோன்றி மறைந்துகொண்டிருக்கின்றன. உரிய இடத்தில், உரிய நேரத்தில் தோன்றினால் அவை உயிரணுவுக்கு வேண்டியவை. அவற்றைப் பிரித்து நேராக்குவதற்கென்றே புரதங்களும் உள்ளன. மடிப்பு மிக நீளமாகி, குறித்த நேரத்தில் பிரிக்க முடியாமல் போகும்போதுதான் தொல்லை தொடங்குகிறது.

எஃப்.எம்.ஆர்.1 மரபணுவில் நடப்பது என்ன?

இம்மரபணுவின் தொடக்கப் பகுதியில் சைட்டோசின், குவானைன், குவானைன் என்ற மூன்றெழுத்துத் தொகுதி திரும்பத் திரும்ப வருகிறது. இதனைச் சி.ஜி.ஜி. தொடர் என்பர். பெரும்பாலானோரிடம் இது ஏறத்தாழ 30 முறை வரும். குவானைன் மிகுந்த இத்தொடர், கொண்டை ஊசியாகவும் நான்கிழை அடுக்காகவும் எளிதில் மடியக்கூடியது. இதன் அருகிலேயே படியெடுப்பின் தொடக்க இடமும் அமைந்துள்ளது.

ஒரே சொல் முப்பது முறை வரும் வரியை ஏட்டிலிருந்து படியெடுப்பவரை எண்ணிப் பாருங்கள். சற்றுக் கவனம் சிதறினாலும் எண்ணிக்கை தவறிவிடும். படியெடுக்கும் புரதங்களும் அவ்வாறே தடுமாறுகின்றன. இழைகள் பிரிந்திருக்கும் குறுகிய நேரத்தில் தொடரின் ஒரு பகுதி மடிந்துகொண்டால், புரதங்கள் அங்கே தயங்கி நிற்கும். மடிப்பு புதிதாக எழுதப்படும் இழையில் ஏற்பட்டால், எழுதிய பகுதி மறைந்துவிட்டதுபோல் ஆகி, மீண்டும் எழுதப்படும், தொடர் நீளும். மடிப்பு அச்சாக உள்ள பழைய இழையில் ஏற்பட்டால், அப்பகுதி தாண்டப்பட்டுத் தொடர் குறுகும்.

எந்த இழை மடியும் என்பது பெரிதும் படியெடுப்பு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. இரண்டு இழைகளுள் ஒன்று தொடர்ச்சியாகவும், மற்றது சிறு துண்டுகளாகவும் படியெடுக்கப்படுகிறது. துண்டு துண்டாகப் படியெடுக்கப்படும் இழை கூடுதல் நேரம் தனித்து நிற்பதால் அதுவே எளிதில் மடியும். தொடக்க இடம் மாறினால் திசை மாறும். திசை மாறினால் மடியும் இழையும் மாறும். மயோடோனிக் டிஸ்ட்ரோபி என்னும் தசைநோய்க்குக் காரணமான மற்றொரு மூன்றெழுத்துத் தொடரைக் குரங்கின் உயிரணுக்களில் வைத்து 2002இல் நடத்தப்பட்ட ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டியது. தொடக்க இடத்தின் திசையையும் தொலைவையும் மாற்றியபோது, அதே தொடர் சில அமைப்புகளில் நீண்டது, சிலவற்றில் குறுகியது.

ஃபிரஜைல் எக்ஸ் நோய்க்குரிய மாற்றம் உள்ள கருக்களிலிருந்து பெறப்பட்ட குருத்தணுக்களை 2014இல் அமெரிக்க ஆய்வாளர்கள் சோதித்தனர். நோயற்ற குருத்தணுக்களில் மரபணுவுக்கு முன்புறம் செயல்படும் தொடக்க இடம், நோய்க்குரிய மாற்றமுள்ளவற்றில் செயல்படாமல் இருந்தது. ஆகவே படியெடுப்பு பெரும்பாலும் மறுபக்கத்திலிருந்து வந்தே தொடரைக் கடக்க வேண்டியிருந்தது. தொடர் நீள்வதற்குப் படியெடுப்பு மட்டுமே காரணம் அன்று. டி.என்.ஏ.வில் உள்ள பிழைகளைச் சரிசெய்யும் புரதங்களே மடிப்பைப் பிழையென்று கொண்டு கூடுதல் தொகுதிகளைச் சேர்த்துவிடுவதும் விலங்கு ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது.

எப்படிப் பார்த்தாலும் இது மூலக்கூறு அளவில் நிகழும் ஒரு மடிப்பு. உணவோ, உழைப்போ, கவலையோ, கருவுற்ற காலத்தில் பயணம் செய்ததோ இதனை உண்டாக்கியிருக்க முடியாது. தாயாகிய நீங்கள் இதனைத் தடுத்திருக்கவும் இயலாது.

எண்ணிக்கை எதைக் குறிக்கிறது?

பரிசோதனை அறிக்கையில் சி.ஜி.ஜி. தொடரின் எண்ணிக்கை தரப்பட்டிருக்கும். 44 வரை இயல்பு. 45 முதல் 54 வரை இடைநிலை. 55 முதல் 200 வரை இருப்பதை முன்மாற்றம் என்றும், 200ஐத் தாண்டுவதை முழுமாற்றம் என்றும் கூறுவர். ஃபிரஜைல் எக்ஸ் நோய்க்குறி உண்டாவது முழுமாற்றத்தில்தான். தொடர் அவ்வளவு நீண்டுவிட்டால் உயிரணு அம்மரபணுவின்மேல் வேதிப் பூட்டு ஒன்றைப் போட்டுவிடுகிறது. மரபணு மௌனமாகி, மூளை நரம்பணுக்களின் இணைப்புகள் சீராக வளரத் தேவையான புரதம் கிடைக்காமல் போகிறது.

முன்மாற்றம் உள்ள பெண்ணுக்கு அறிவுத்திறன் பொதுவாக இயல்பாகவே இருக்கும். அவரிடமிருந்து அடுத்த தலைமுறைக்குச் செல்லும்போதுதான் தொடர் முழுமாற்றமாக நீளக்கூடும். தாயிடம் எண்ணிக்கை 60க்குக் கீழ் இருந்தால் இவ்வாறு நிகழ்வது அரிது. 100ஐ நெருங்கினாலோ தாண்டினாலோ, மாறிய எக்ஸ் குரோமோசோமைப் பெறும் குழந்தைகளுள் பெரும்பாலோரிடம் முழுமாற்றமாகிவிடும்.

எண்ணிக்கை மட்டுமன்றி, தொடரின் இடையே வேறு எழுத்து வருகிறதா என்பதும் முக்கியம். இயல்பான தொடரில் ஒன்பது அல்லது பத்துத் தொகுதிகளுக்கு ஒருமுறை சைட்டோசினுக்குப் பதிலாக அடினைன் வரும். துணியில் இடையிடையே போடும் தையலைப் போல இது தொடரை உறுதியாக வைக்கிறது; நீண்ட மடிப்பு உருவாக விடுவதில்லை. இடைத்தையல் இல்லாத தொடர் எளிதில் நீளும். எனவே ஒரே எண்ணிக்கை உள்ள இரு பெண்களுக்கு அபாயம் ஒரே அளவில் இருப்பதில்லை. உறவினர் ஒருவரின் அறிக்கையை வைத்து உங்கள் நிலையை நீங்களே கணிக்க வேண்டாம்.

யார் யாரைப் பரிசோதிக்க வேண்டும்?

முழுமாற்றம் உள்ள குழந்தையின் தாய் இம்மாற்றத்தின் ஏதேனும் ஒரு வடிவத்தைக் கொண்டிருப்பார். அது அவருடைய தாயிடமிருந்தோ தந்தையிடமிருந்தோ அவருக்கு வந்திருக்கும். இதில் பலரும் அறியாதது தாத்தாவின் பங்கு. முன்மாற்றம் உள்ள ஆண் தன் எக்ஸ் குரோமோசோமை மகள்கள் அனைவருக்கும் தருகிறார்; மகன்களுக்குத் தருவதில்லை. மகள்களுக்குச் செல்லும்போது அது முன்மாற்றமாகவே இருக்கும். அதனால் தாத்தாவும் நலம், மகள்களும் நலம் என்றிருந்த குடும்பத்தில், மகள்களின் பிள்ளைகளிடம் நோய் திடீரெனத் தோன்றுகிறது. "எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லையே" என்ற கேள்விக்கு விடை பல குடும்பங்களில் இதுவே.

முன்மாற்றம் முற்றிலும் தீங்கற்றது என்றும் கொள்ளக் கூடாது. முன்மாற்றம் உள்ள பெண்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு 40 வயதுக்கு முன்பே சூலகத்தின் செயல்பாடு குறைந்துவிடுகிறது. மாதவிடாய் ஒழுங்கின்மை, கருத்தரிப்பதில் தாமதம் ஆகியன இதன் அறிகுறிகளாக இருக்கலாம். முன்மாற்றம் உள்ள ஆண்கள் சிலருக்கு 50 வயதுக்குப் பின் கைநடுக்கமும் நடையில் தள்ளாட்டமும் ஏற்படுகின்றன. இது பார்க்கின்சன் நோய் என்றோ முதுமை என்றோ தவறாகக் கருதப்பட வாய்ப்புண்டு. உங்கள் குழந்தைக்கு இந்நோய் உறுதியாகி, தாத்தாவுக்குக் கைநடுக்கம் இருந்தால், அதனைத் தவறாமல் மருத்துவரிடம் கூறுங்கள்.

ஆகவே தாயின் சகோதரிகள், சகோதரர்கள், அவர்களின் பிள்ளைகள், தாய்வழிப் பாட்டி, தாத்தா ஆகியோரிடம் இச்செய்தியைத் தெரிவிப்பது அவசியம். திருமணமாகாத சகோதரியிடம் சொன்னால் வரன் தடைபடுமோ என்ற தயக்கம் பல குடும்பங்களில் உண்டு, அத்தயக்கம் புரிந்துகொள்ளத்தக்கதே. ஆனால் அவருக்கு முன்மாற்றம் இருந்து, அதனை 35 வயதுக்குப் பின் அறிந்தால், குழந்தை பெறும் காலம் குறித்து முடிவெடுக்க அவருக்கு இருந்த வாய்ப்பு குறைந்துபோயிருக்கலாம். அறிந்துகொள்வதா வேண்டாமா என்ற முடிவு அவருடையது. பரிசோதனை முடிவும் அவருடையதே. அவர் ஒப்புதலின்றி மருத்துவர் அதனைப் பிறரிடம் வெளியிட மாட்டார்.

சொந்தத்தில் திருமணம் செய்ததால் வந்ததா?

தமிழ்நாட்டில் மரபணு ஆலோசனைக்கு வருவோர் இதனைக் கேட்பது இயல்பே. தாய்மாமனையோ அத்தை மகனையோ மணப்பதால் அபாயம் கூடுவது, பெற்றோர் இருவரிடமிருந்தும் மாறிய மரபணு வந்தால் மட்டுமே வெளிப்படும் நோய்களில். ஃபிரஜைல் எக்ஸ் அவ்வகையைச் சேர்ந்ததன்று. தாயிடமிருந்து வரும் ஒரே ஒரு மாறிய எக்ஸ் குரோமோசோம் போதும். கணவர் உறவினரா, அன்னியரா என்பது தொடர் நீளும் வாய்ப்பை மாற்றுவதில்லை.

பெயரும் ஃபோலிக் அமிலமும்

"ஃபிரஜைல்" என்றால் எளிதில் முறியக்கூடியது என்று பொருள். 1969இல் ஹெர்பர்ட் லப்ஸ் என்னும் மருத்துவர், பாதிக்கப்பட்ட ஆண்களின் எக்ஸ் குரோமோசோமின் நுனியருகே முறிந்தது போன்ற இடைவெளியைக் கண்டார். ஃபோலிக் அமிலம் குறைந்த ஊடகத்தில் உயிரணுக்களை வளர்த்தால்தான் அவ்விடைவெளி தெரியும் என்பதை 1977இல் ஆஸ்திரேலியாவின் கிராண்ட் சதர்லேண்ட் கண்டறிந்தார். டி.என்.ஏ. எழுத்துகளைத் தயாரிக்க ஃபோலிக் அமிலம் தேவை. அது குறையும்போது, ஏற்கெனவே படியெடுக்கக் கடினமான அவ்விடம் முடிக்கப்படாமல் நின்றுவிடுகிறது. காரணமான மரபணு 1991இல்தான் கண்டறியப்பட்டது.

இக்காரணத்தால் ஃபோலிக் அமிலம் கொடுத்தால் குழந்தை தேறும் என்ற எண்ணம் பரவியது. முன்பு சில மருத்துவர்கள் முயன்றும் பார்த்தனர். அது பயன் தருவதாக ஆய்வுகளில் நிறுவப்படவில்லை. பூட்டப்பட்ட மரபணுவை அது திறப்பதில்லை. எனினும் கருவுற்ற பெண்களுக்கு அரசு மருத்துவமனைகளில் தரப்படும் ஃபோலிக் அமில மாத்திரை வேறு நோக்கம் கொண்டது. குழந்தையின் தண்டுவடக் குறைபாடுகளைத் தடுக்கும் அம்மாத்திரையை நிறுத்தக் கூடாது.

அறிகுறிகளும் பரிசோதனையும்

பேச்சு தாமதமாதல், கண்ணோடு கண் பார்க்கத் தயங்குதல், கைகளை உதறுதல், மிகுந்த துறுதுறுப்பு, கூட்டத்திலும் ஓசையிலும் பதற்றம், தளர்ந்த மூட்டுகள், அடிக்கடி காதுத் தொற்று ஆகியன இளம் வயதில் காணப்படலாம். நீண்ட முகமும் பெரிய காதுகளும் வளர வளரவே தெரியும். ஆகவே தோற்றத்தை வைத்துச் சிறு குழந்தையிடம் முடிவு செய்ய இயலாது. சிலருக்கு வலிப்பும் வரும். பெண் குழந்தைகளிடம் இரண்டாவது எக்ஸ் குரோமோசோம் ஓரளவு ஈடுசெய்வதால் பாதிப்பு பெரும்பாலும் மென்மையானது. கணக்குப் பாடத்தில் இடர்ப்பாடு, மிகுந்த கூச்சம் என்ற அளவிலேயே நின்று, நோய் கண்டறியப்படாமலும் போகலாம்.

இரத்த மாதிரியிலிருந்து டி.என்.ஏ.வை எடுத்து, பி.சி.ஆர்., சதர்ன் பிளாட் ஆகிய முறைகளால் தொடரின் நீளம் அளக்கப்படுகிறது. ஒன்றைக் குறிப்பாக நினைவில் கொள்ளுங்கள். "குரோமோசோம் பரிசோதனை இயல்பு" என்ற அறிக்கை ஃபிரஜைல் எக்ஸ் இல்லை என்பதற்குச் சான்றாகாது. பல்லாயிரம் மரபணுக்களை ஒருசேர வாசிக்கும் எக்ஸோம் பரிசோதனையும், இதுபோல் திரும்பத் திரும்ப வரும் தொடரின் நீளத்தை நம்பகமாக அளப்பதில்லை. பெருந்தொகை செலவிட்டு அப்பரிசோதனையைச் செய்து, ஒன்றுமில்லை என்று நிம்மதியடைந்த குடும்பங்களும், காரணம் தெரியாத, பேச்சுத் தாமதமோ ஆட்டிசமோ உள்ள குழந்தைக்கு எஃப்.எம்.ஆர்.1 பரிசோதனையைத் தனியாகச் செய்ய வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

அடுத்த கருவுறுதலுக்கு முன்பே மரபணு ஆலோசனை பெறுவது நல்லது. கருவுற்ற பின் என்றால், நஞ்சுக்கொடித் திசுவை ஏறத்தாழ 10 முதல் 13 வாரங்களுக்குள்ளும், பனிக்குட நீரை 15 வாரங்களுக்குப் பின்னும் எடுத்துச் சோதிக்க இயலும். பாலினத்துடன் பிணைந்த மரபு நோய்களுக்காகப் பதிவுபெற்ற மையங்களில் இப்பரிசோதனை செய்ய 1994ஆம் ஆண்டுச் சட்டம் இடமளிக்கிறது. கருவின் பாலினத்தை வெளியிடுவது மட்டும் எந்நிலையிலும் குற்றமே.

சிகிச்சை

மரபணுவைத் திறக்கும் மருந்து இன்று இல்லை. ஆனால் பேச்சுப் பயிற்சி, செயல்முறைப் பயிற்சி, சிறப்புக் கல்வி ஆகியவற்றை எவ்வளவு முன்னதாகத் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. இக்குழந்தைகள் கேட்பதைவிடக் காண்பதை எளிதில் பற்றிக்கொள்வர். படங்கள் வழியாகச் சொல்லிக்கொடுங்கள். அன்றாட நடைமுறையைத் திடீரென மாற்றாதீர்கள். கவனச்சிதறல், பதற்றம், வலிப்பு ஆகியவற்றுக்கு மருந்துகள் உண்டு. மரபணுவைச் சரிசெய்வதாகக் கூறி விற்கப்படும் மூளை ஊக்க மருந்துகளுக்குப் பணம் செலவிட வேண்டாம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின்கீழ் அறிவுசார் குறைபாடும் ஆட்டிசமும் அடங்கும். தகுதியுள்ள குழந்தைக்கு அடையாள அட்டை பெற்றுக்கொள்ளுங்கள்.

ஆலோசனைக்குச் செல்லும்போது

மூன்று தலைமுறை உறவினர்களின் பெயர், வயது, உடல்நிலை ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிச் செல்லுங்கள். தாய்வழியில் யாருக்கேனும் மாதவிடாய் 40 வயதுக்கு முன் நின்றதா, படிப்பில் மிகவும் பின்தங்கிய மாமன்கள் இருந்தனரா, முதுமையில் நடுக்கம் வந்ததா என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். குழந்தையின் பழைய அறிக்கைகள் அனைத்தையும் எடுத்துச் செல்லுங்கள். புதிய அறிக்கையில் சி.ஜி.ஜி. எண்ணிக்கையும், பெண்களுக்கு என்றால் இடையில் அடினைன் உள்ளதா என்ற விவரமும் தரப்பட்டுள்ளனவா என்று கேளுங்கள். அவ்வறிக்கையின் நகலை, விரும்பிக் கேட்கும் உறவினர்களின் பரிசோதனைக்கு உதவும் வகையில் பத்திரமாக வைத்திருங்கள்.